துபாய்க்குப் பிள்ளைகளோடு போகலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு மூன்று முடியப் போகிறது. என் வீட்டுக்காரர் ஆறு வருஷமாகத் துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸில் (வரவேற்புப் பிரிவில்) வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். இப்போது பதவி உயர்வு வந்திருக்கிறது, எங்களையும் கூட்டிக்கொள்கிறேன் என்கிறார். மாமியாருக்கு விருப்பமில்லை. "அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டா போனார்கள்? பிள்ளைகள் நம்ம வீட்டில் வளரட்டும்" என்கிறார். என் அக்காவோ, "அது ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற இடம், பிள்ளை வளர்க்கிற இடமா? வெறும் மணல், வெயில், ஆடம்பரம்" என்கிறாள். நான் இங்கே தனியார் பள்ளியில் ஆசிரியை. போனால் அந்த வேலையை விட வேண்டும். இன்னொன்று. மகள் முன்பெல்லாம் அப்பா போன் என்றால் ஓடி வருவாள். இப்போது "சாப்பிட்டேன், படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிடுகிறாள். நான் என்ன முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயமாகப் படுகிறது. வெயில், வாடகை, மாமியார் வருத்தம் எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

எட்டு வயதுப் பெண் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனைக் கொடுப்பது கோபத்தினால் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்தால் இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு அப்பாவோடு பேச விஷயம் தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை யார், போன வாரம் யாரோடு சண்டை, எந்த டீச்சர் மாறிவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாதவரிடம் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சொல்ல ஒரு குழந்தைக்குப் பொறுமை இருக்காது. வெளிநாட்டில் அப்பா இருக்கிற வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பத்து, பதினொரு வயதுக்கு மேல் இந்த இடைவெளியைச் சரிசெய்வது கடினமாகிறது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கு ஒத்துவந்தால் போங்கள். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அன்றாடம் ஒரு அப்பா கிடைப்பதற்காகப் போகிறீர்கள். அங்கே போயும் அது கிடைக்காது என்று தெரிந்தால் போவதில் பயனில்லை. அதனால்தான் இந்தப் பதிலில் அவருடைய வேலை நேரத்தைப் பற்றி நிறையப் பேசப் போகிறேன்.

முதலில் உங்கள் மாமியார் சொன்னது. அவர் சொல்வதில் பொய் இல்லை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழிலும் வியாபாரமும் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார் பெரும்பாலும் தனியாகத்தான் போனார்கள். மூன்று வருஷம் ஒரு கடையில் இருந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வீட்டையும் வரவு செலவையும் பிள்ளைகளையும் இங்கே வீட்டுப் பெண்களான ஆச்சிமார் தாங்கினார்கள். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே வளவு வீட்டில் அத்தனை புள்ளிகள் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி), தனித்தனி அடுப்பு, ஆனால் ஒரே முற்றம். அப்பா ரங்கூனில் இருந்தாலும் ஐயா, அதாவது தாத்தா, இருந்தார், பெரியப்பா இருந்தார், மூன்று வருஷம் முடிந்து திரும்பிய சித்தப்பா இருந்தார். பையனுக்குக் கணக்குச் சொல்லித்தரவும், தப்பு செய்தால் அதட்டவும், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடவும் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டில் இன்று எத்தனை அறை பூட்டிக்கிடக்கிறது? நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பலவற்றில் இப்போது ஒரு வயதான அம்மா, ஒரு காவலாள், அவ்வளவுதான். மாமியார் நினைவில் வைத்திருப்பது ஆள் நிறைந்த வீட்டை. உங்கள் மகள் வளர்வது நாலு பேர் இருக்கிற வீட்டில். அந்த வழக்கத்தைத் தாங்கிய ஆள்பலம் போனபிறகு, வழக்கத்தை மட்டும் பிள்ளைகள் தோளில் வைப்பது நியாயமில்லை. பின்னாளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடும்பத்தோடு குடியேறியவர்களும் நம்மவர்கள்தானே.

இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் வேறு வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். தனி அடுப்பு, தனிக் கணக்கு, ஆனால் உறவு முறியாது. உங்கள் பயணத்தையும் அப்படி ஒரு வேறு வைத்தலாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு அது புரியும் என்றே நினைக்கிறேன்.

இனி உங்கள் அக்கா கேட்டது. துபாய் சுற்றுலா ஊர்தான், சந்தேகமில்லை. 2024இல் மட்டும் அங்கே வந்து தங்கிய வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 87 லட்சம் பேர். அந்த ஆண்டு முடிவில் ஊரின் மக்கள்தொகையோ 38 லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது குடியிருப்பவர் ஒருவருக்கு வந்துபோகிறவர் ஏறக்குறைய ஐந்து பேர். அப்படிப்பட்ட ஊரில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வந்துபோகிறவர்களுக்காகக் கட்டியது. ஆனால் கராமா, அல் குசைஸ், அல் நஹ்தா போன்ற பகுதிகளில் மளிகைக் கடை, தையல்கடை, டியூஷன், பள்ளிப் பேருந்து, மாலையில் கீழே இறங்கி விளையாடும் பிள்ளைகள் என்று சாதாரணக் குடும்பங்களின் வாழ்க்கை இருக்கிறது. இந்தியர்கள்தான் அங்கே பெரிய கூட்டம். பிள்ளை வளர்க்கிற இடமா என்று கேட்டால், ஆமாம், லட்சக்கணக்கானவர்கள் வளர்க்கிறார்கள்.

சுற்றுலா ஊரின் உண்மையான சிரமம் ஆடம்பரத்தில் இல்லை. சுற்றுலாவில் வேலை பார்க்கிற அப்பாவின் நேரத்தில் இருக்கிறது. அங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல பருவம். பூங்கா, கடற்கரை என்று பிள்ளைகள் வெளியே விளையாடக்கூடிய மாதங்களும் அவைதான். ஓட்டல் நிரம்பி வழிகிற மாதங்களும் அவைதான். தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் எல்லாம் அதற்குள் வருகின்றன. டிசம்பர் 31 அன்று ஃப்ரண்ட் ஆபீஸ்காரருக்கு லீவு கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். வெயில் கொளுத்தும் ஜூலை, ஆகஸ்டில்தான் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும். அப்போது வெளியே போக முடியாது. அங்கே 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். பள்ளிகளும் அப்படியே. ஆனால் ஓட்டலில் வார ஓய்வு செவ்வாயிலும் வரும், புதனிலும் வரும்.

ஆகவே உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல. பதவி உயர்வுக்குப் பிறகு என்ன ஷிப்ட், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், மாதத்தில் ஒரு சனியோ ஞாயிறோ ஓய்வு கேட்டு வாங்க முடியுமா? இதைக் கேளுங்கள். மாலை ஷிப்ட் என்றால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது அவர் கிளம்பியிருப்பார், நள்ளிரவுக்கு மேல் திரும்புவார். அப்படியானால் காலைச் சாப்பாடுதான் அந்தக் குடும்பத்தின் நேரம். ஆறு மணிக்கு எழுந்து இட்லியோ உப்புமாவோ பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, பேருந்தில் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம் அவர் மறுபடி தூங்கலாம். சிரமம்தான். ஆனால் நாளுக்கு ஒரு வேளை அப்பாவோடு சாப்பிடுகிற பிள்ளைக்கும், வாரத்துக்கு ஒருமுறை மாலுக்குப் போகிற பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எந்த வேளை என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை நீங்கள் இங்கிருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வீடு பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஷார்ஜாவில் வாடகை குறைவு, இரண்டு படுக்கையறை கிடைக்கும் என்பார்கள். அது உண்மை. ஷார்ஜாவுக்கும் துபாய்க்கும் இடையிலான நெரிசலும் உண்மை. காலையும் மாலையும் அந்தச் சாலையில் போகும் நேரம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குகிற நேரம். சின்ன வீடாக இருந்தாலும் அவர் ஓட்டலுக்கும் மெட்ரோவுக்கும் பக்கத்தில் பாருங்கள். பெரிய வீட்டில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு ஒற்றைப் படுக்கையறை முதலில் மூச்சு முட்டும். ஆறு மாதத்தில் பழகும்.

அடுத்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. ஒன்றாகச் சேர்ந்த முதல் மூன்று மாதம் வீட்டில் சண்டை வரும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அப்பா இதுவரை சாக்லேட்டும் பொம்மையும் கொண்டுவருகிறவர். இனி அவர் "டிவியை அணை" என்று சொல்வார். மகள் உங்களைத் திரும்பிப் பார்ப்பாள், "இவர் யார் சொல்ல?" என்பதுபோல. மகன் ராத்திரியில் உங்களோடுதான் படுப்பேன் என்று அழுவான். அவருக்கு மனசு புண்படும். இவர்களுக்காகத்தானே ஆறு வருஷம் தனியாகக் கஷ்டப்பட்டேன் என்று தோன்றும். நீங்களோ இத்தனை வருஷம் கேஸ் புக்கிங்கிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்து பழகியவர். ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்றால் எரிச்சல் வரும். இதெல்லாம் குடும்பம் கெட்டுப்போவதன் அறிகுறி அல்ல, ஒன்று சேர்வதன் வேலை. கண்டிப்பை முதல் சில மாதங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் மகளைப் பேருந்துக்குக் கொண்டுவிடுவது, மகனைக் குளிப்பாட்டுவது, ஏதாவது ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பது என்று அன்றாட வேலைகளைக் கொடுங்கள். பிள்ளைகளின் நம்பிக்கை அந்த வேலைகள் வழியாகத்தான் வரும். அவர் மகனைக் குளிப்பாட்டும்போது "இப்படி இல்லை, அப்படி" என்று திருத்தாமல் இருக்க முயலுங்கள். எனக்குத் தெரிந்து இதுதான் அம்மாக்களுக்குக் கடினமானது.

ஆடம்பரம் என்று அக்கா பயப்படுவதில் ஒரு பாதி சரி. அந்த ஊரில் வெளியே போவது என்றாலே மால் என்று ஆகிவிடுவது எளிது. குளிர்சாதனம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. ஒரு வருஷம் அப்படிப் போனால், வெளியே போனால் எதையாவது வாங்க வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும். புர்ஜ் கலீஃபாவை ஒருநாள் காட்டுங்கள், 828 மீட்டர் உயரக் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது எந்தக் குழந்தைக்கும் சந்தோஷம். அதோடு அந்தக் கணக்கை முடித்துவிட்டு, ஊர்க்காரர்கள் போகிற இடங்களுக்குப் போங்கள். ஊர் நடுவே இருக்கும் கடல்கழியான துபாய் கிரீக்கை மரப்படகில் கடக்க ஒரு திர்ஹம்தான். பர் துபாயிலிருந்து தேராவுக்குப் படகில் போய், மசாலாக் கடைத்தெருவில் நடந்துவிட்டு வந்தால் ஒரு மாலை போய்விடும். குளிர்காலத்தில் ராஸ் அல் கோர் சதுப்பு நிலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். நம் கோடியக்கரைக்கு வருகிற அதே பறவைதான். சபீல் பூங்கா, கிரீக் பூங்கா இரண்டுக்கும் நுழைவுக்கட்டணம் குறைவு. ஜடாஃபில் 2022இல் திறந்த முகமது பின் ராஷித் நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது.

மகளுக்கு வாரம் பத்து திர்ஹம் கொடுத்து ஒரு நோட்டில் வரவு செலவு எழுதச் சொல்லுங்கள். கணக்கு எழுதிப் பிழைத்த ஊர்ப் பிள்ளை அவள், பிடித்துக்கொள்வாள். வகுப்பில் பலதரப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், சிலர் வீட்டில் நாலு கார் நிற்கும். "நம்மிடம் ஏன் இல்லை?" என்று கேட்டால் அதட்டாமல், நம் வீட்டில் இந்த மாதம் எது எதற்கு எவ்வளவு போகிறது என்று உட்கார வைத்துக் காட்டுங்கள். எட்டு வயதுக்கு அது புரியும்.

வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கமும் வறண்ட பூமிதான், ஏப்ரல் மே வெயிலில் பழகியவர்கள்தான் நாம். ஆனால் அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை நாற்பதுக்கு மேலே நிற்கும், அதோடு கடல் புழுக்கம் சேரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. முற்றம் வைத்த, சுவர் தடித்த வீட்டில் சன்னலைத் திறந்தால் காற்று வரும். அங்கே அடுக்குமாடியில் எல்லாம் மூடிக்கிடக்கும், ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மாதம் பிள்ளைகள் உள்ளேயே இருந்தால் போன் கைக்கு வந்துவிடும். வீடு எடுக்கும்போதே உள்விளையாட்டுக் கூடமோ நீச்சல்குளமோ உள்ள கட்டடமா என்று பாருங்கள். நீச்சல்குளம் இருந்தால் பிள்ளைகள் இருவருக்கும் முதல் வருஷமே நீச்சல் கற்றுக்கொடுங்கள். நீச்சல் தெரிந்தாலும் மகனைக் கண்ணெட்டாத இடத்தில் விடாதீர்கள். வெயில் நாட்டில் இருந்தும் வெளியே போகாததால் வைட்டமின் டி குறைவது அங்கே சகஜம். பிள்ளை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுப் பையனுக்காக இரண்டு விஷயம். மாடி சன்னலும் பால்கனியும். தரைவீட்டில் ஓடி விளையாடிய பிள்ளைக்குப் பதினைந்தாவது மாடி என்றால் என்ன என்று தெரியாது. குடிபோகிற அன்றைக்கே, சாமான் பிரிப்பதற்கு முன்னால், சன்னல்களில் பிள்ளைகளால் திறக்க முடியாத பூட்டு போடுங்கள். பால்கனியில் நாற்காலி, பெட்டி எதையும் வைக்காதீர்கள். இன்னொன்று, காரில் பிள்ளையை விட்டுவிட்டு "ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்" என்று இறங்குவது. அந்த வெயிலில் அது உயிரைப் பறிக்கும். 2016ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமைச் சட்டப்படி அங்கே பிள்ளையைக் கவனிப்பாரற்று விடுவது குற்றமும்கூட.

கோடைக்கு நல்ல விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, ஓட்டலிலும் கூட்டம் குறைவு. அப்போது ஊருக்கு வாருங்கள். பிள்ளைகள் அப்பத்தாவோடு இருக்கட்டும், உங்கள் வீட்டுக்காரர் தன் லீவை அந்த மாதங்களிலேயே எடுத்து வந்து சேரட்டும். திருச்சிக்கும் மதுரைக்கும் நேரடி விமானம் உண்டு. எல்லாரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள், டிக்கெட் விலை ஏறும், சீக்கிரமே எடுத்துவிட வேண்டும்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்ப விசாவுக்குக் குறைந்தபட்சம் மாதம் 4000 திர்ஹம் சம்பளம், அல்லது 3000 திர்ஹமும் கம்பெனி தரும் வீடும் வேண்டும் என்பது விதி. விதிக்கு அது போதும், நாலு பேர் வாழ அது போதாது. சம்பளச் சீட்டை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டுப்படி எவ்வளவு, விருந்தினர் பில்லில் சேர்க்கும் சர்வீஸ் சார்ஜில் அவர் பங்கு எவ்வளவு? ஓட்டல்காரர்களுக்கு அந்தக் கடைசிப் பங்கு சீசனில் ஏறும், கோடையில் இறங்கும். அதை வரவாக எண்ணாமல் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். கம்பெனி ரூமிலிருந்து அவர் வெளியே வந்தால் வீட்டுப்படி கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கட்டும். வாடகையை அங்கே பெரும்பாலும் வருஷக் கணக்கில் சில காசோலைகளாக முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். அதோடு முன்பணம், தரகு, மின்சார இணைப்புக் கட்டணம் எல்லாம் முதல் மாதத்திலேயே வரும். மின்கட்டணச் சீட்டில் வருஷ வாடகையில் 5 சதவீதம் வீட்டுவரியாக மாதாமாதம் பிரித்துச் சேர்ப்பார்கள். வருமான வரி இல்லை என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மருத்துவக் காப்பீடு துபாயில் கட்டாயம். கம்பெனி அவருக்கு மட்டும் எடுத்திருந்தால், உங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் எடுக்க வேண்டும்.

இருப்பு இல்லாமல் போகாதீர்கள். அங்கே தங்கும் உரிமை வேலையோடு கட்டியது. வேலை போனால் ஒரு கால அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும். 2020 மார்ச்சில் ஓட்டல்கள் வெறிச்சோடியதையும், மே மாதத்திலிருந்து வந்தே பாரத் விமானங்களில் ஆட்கள் திரும்பியதையும் நம் ஊரில் எல்லாரும் பார்த்தோம். எல்லாத் தொழிலுக்கும் முன்னால் அடிவாங்குவது சுற்றுலா. ஆறு மாதச் செலவுக்கான பணம் இந்திய வங்கியில் தொடாமல் இருக்கட்டும். வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அதைப் பிள்ளைகள் படிப்புக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

பள்ளியைப் பற்றி. துபாயில் தனியார் பள்ளிகளை அரசு ஆணையம் ஒன்று ஆய்வு செய்து தரம் போட்டு வெளியிட்ட அறிக்கைகள் இருக்கின்றன. உறவினர் சிபாரிசை விட அந்த அறிக்கையை நம்புங்கள். சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய இருக்கின்றன, ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அரபு மொழி கட்டாயம். உங்கள் மகள் நாலாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால், மற்றவர்கள் மூன்று வருஷம் படித்திருப்பார்கள். இப்போதே எழுத்துகளையாவது அறிமுகப்படுத்துங்கள். தமிழ் இரண்டாம் மொழியாக உள்ள பள்ளி கிடைத்தால் நல்லது, எல்லாப் பள்ளியிலும் இருக்காது. இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன, நீங்களே ஆசிரியை வேறு. வாரத்தில் இரண்டு நாள் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். மகளுக்குச் சிநேகிதிகளும் கிடைப்பார்கள், உங்களுக்கும் பேச்சுத்துணை கிடைக்கும்.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இங்கே உங்களுக்குச் சொந்த வருமானம், டீச்சர் என்ற மரியாதை, பேச ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே முதல் வருஷம் இது மூன்றும் இருக்காது. கணவர் ஷிப்டில், மகள் பள்ளியில், நீங்கள் மூடிய வீட்டில் மூன்று வயதுப் பையனோடு. அங்கே போன பெண்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குடும்ப விசாவில் இருந்தாலும், வேலை தரும் பள்ளி அனுமதி பெற்றால் வேலை பார்க்கலாம். ஆகவே கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றோடு உங்கள் பட்டச் சான்றுக்கும் பி.எட். சான்றுக்கும் சேர்த்தே மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். அங்கே போனபிறகு அதற்காக அலைவது பெரும்பாடு. மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நீங்கள் வேலை தேடுவீர்கள் என்பதை இப்போதே வீட்டுக்காரரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரைத் தனியே விட்டுப்போவது உங்களை உறுத்தும் என்று நினைக்கிறேன். ராத்திரித் துணைக்கு ஒருவர், மாதம் ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப்போக ஒருவர் என்று பெயர் சொல்லி ஏற்பாடு செய்யாமல் கிளம்பாதீர்கள். அந்தச் செலவு உங்கள் துபாய்ச் செலவின் ஒரு பகுதி, தனியே தோன்றக் கூடாது. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், அழைத்துப் பேச முடியாது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது பேசுகிற போட்டிம் மாதிரியான செயலியை மாமியார் போனிலும் போட்டு, அவரே எடுத்துப் பேசப் பழக்கிவிடுங்கள். நம் நேரம் அங்குள்ள நேரத்தை விட ஒன்றரை மணி கூட. இங்கே ராத்திரி எட்டரை என்றால் அங்கே ஏழு, பிள்ளைகள் பள்ளி முடிந்து வீட்டில் இருப்பார்கள். தினமும் அந்த நேரம் அப்பத்தாவுக்கு. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் அவரையே ஒரு மாதம் கூட்டிப்போங்கள். குளிர் இதமாக இருக்கும். ஜெபல் அலியில் 2022இல் திறந்த பெரிய கோயில் இருக்கிறது. மகனும் பேரப்பிள்ளைகளும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பதை அவர் ஒருதரம் பார்த்துவிட்டால் ரங்கூன் பேச்சு குறையும்.

மாமியார் உங்களுக்குப் பெட்டி கட்டித்தரும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். அதைக் கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்டுச் சிறை வரை போனவர்கள் உண்டு. நம் வீட்டுக் குருமாப்பொடியிலும் மசாலாவிலும் கசகசா சேர்த்து அரைத்திருப்பார்கள். பொட்டலமாகவும் வேண்டாம், பொடியில் கலந்தும் வேண்டாம். அங்கே குருமாவுக்கு முந்திரியும் பொட்டுக்கடலையும் போதும். தூக்கமாத்திரை, கடுமையான வலிமாத்திரை, இருமல் மருந்து எதுவானாலும் அங்கே அனுமதி உண்டா என்று விசாரித்து, மருத்துவர் சீட்டோடு மட்டும் எடுத்துப்போங்கள்.

எப்போது போவது? ஒரேயடியாக முடிவெடுக்க வேண்டாம். வரும் அரையாண்டு விடுமுறையில் சுற்றுலா விசாவில் பிள்ளைகளோடு போய்விட்டு வாருங்கள். டிசம்பர் கடைசி வாரம் அவருக்கு உச்சகட்ட வேலை இருக்கும், டிக்கெட்டும் விலை கூடத்தான். இருந்தாலும் அந்த வாரத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அவர் லீவு போட்டு ஊர் சுற்றிக்காட்டுகிற நாட்களில் போனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் களைத்துத் திரும்புகிற நாட்களில் அந்த வீடு எப்படி இருக்கிறது, காலைச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்திருக்கிறாரா, மகள் அவரிடம் எதையாவது தானாகச் சொல்கிறாளா என்று பாருங்கள். போன கையோடு இரண்டு மூன்று பள்ளிகளையும் வீடுகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒத்துவந்தால் இங்கே ஆண்டுத்தேர்வு முடிந்ததும் கிளம்பி, நாலாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று இப்போதே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கான பதிவு தொடங்கிவிடும், அதற்கப்புறம் பள்ளி மாற்றுவது அவளுக்குச் சிரமம். இங்கே உயர்கல்வியா, அங்கேயே தொடர்வதா என்பதை அவளையும் கேட்டு அப்போது முடிவு செய்யலாம்.

இங்குள்ள பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, அதிலும் சான்றொப்பம் தேவையா என்று துபாய்ப் பள்ளியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் பயணம் முடிந்ததும் மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.